ஏற்றத்துக்கு உங்கள் பாட்டு

அப்பா,

இன்று காலையில் அம்மா உங்கள் குஷனைத் துவைக்கப் போனார். நான் பறித்துக்கொண்டு ஓடிவந்து, நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் தேயிலைக் கான் வாய்க்காலோரம் அதன் மேலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அம்மா அங்கிருந்து திட்டுவது இங்கே கேட்கிறது. நீங்கள் இருந்தால் அந்தத் திட்டில் பாதி உங்களுக்கு வந்திருக்கும். இப்போது முழுப் பங்கும் எனக்குத்தான்.

பஸ் ஸ்டியரிங்குக்குப் பின்னால் நீங்கள் போட்டு உட்கார்ந்திருந்த அதே குஷன். அம்மாவின் பழைய சேலையில் தைத்தது. டீசல், ஊதுபத்தி, முதுகுவலித் தைலம், மூன்றும் கலந்து அதில் ஊறிக் கிடக்கின்றன. இப்படி ஒரு சென்ட்டைக் கடையில் வைத்தால் மனுசன் வாங்கமாட்டான். நான் மட்டும் வாளியோடு போய் நிற்பேன். அதன் இடது பக்கம் மட்டும் பள்ளமாக இருக்கிறது. பஸ்ஸில் பாட்டு செட் இருந்தது உங்களுக்கு இடது பக்கம். இத்தனை வருடமும் நீங்கள் அந்தப் பக்கமாகச் சாய்ந்தே ஓட்டியிருக்கிறீர்கள். ஹட்டனிலிருந்து நுவரெலியா வரைக்கும் அத்தனை வளைவிலும், ஒரு காது ரோட்டில், ஒரு காது கிட்டாரில்.

நீங்கள் எங்களை விட்டுப் போன அந்த மாதமே கண்டக்டர் மோகன் அண்ணன் இதைச் சாக்குப் பையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். புது டிரைவர் தனக்கென்று வேறு குஷன் கொண்டுவந்துவிட்டாராம். சாக்கை உதறியபோது உங்கள் பென் டிரைவும் கீழே விழுந்தது. அம்மா குஷனைப் பார்த்து அழுதார். நான் பென் டிரைவைப் பார்த்தேன். குஷனை அனுப்பியது சரி. பாட்டையும் சேர்த்தல்லவா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த பஸ்ஸில் அந்தப் பாட்டு நின்றுவிட்டால் நீங்கள் இரண்டாவது தடவையும் போய்விடுவீர்கள் என்று தோன்றியது. முதல் தடவையை என்னால் தடுக்க முடியவில்லை. இதையாவது தடுக்கவேண்டாமா?

ஜாஸ் ஃபியூஷன் என்றால் என்ன என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள். ஜாஸ் வீட்டுப் பிள்ளை, ராக் வீட்டுப் பிள்ளையைச் சொந்தத்துக்கு வெளியே கட்டிக்கொண்ட கல்யாணம் என்றேன். ஊதுகுழல் வீட்டுக்குள் மின்சார கிட்டார் வந்தது, கீபோர்டு வந்தது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிள்ளைகள் மட்டும் அழகழகாகப் பிறந்தன. அவளுக்குப் புரிந்தது. அம்மாவுக்குத்தான் கடைசிவரை புரியவில்லை. "ஃபியூஸ் போன பாட்டு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு அது வந்து சேர்ந்த கதை எனக்கு மனப்பாடம். கல்யாணத்துக்கு முன்னால் நானுஓயா ஸ்டேஷனிலிருந்து சுற்றுலாக்காரர்களை வேனில் ஏற்றிப்போன காலம். யாரோ ஒரு வெள்ளைக்காரர் சீட்டில் ஒரு கேசட்டை விட்டுவிட்டுப் போனார். கேட்டு வருவார் என்று வைத்திருந்தீர்கள். வரவில்லை. ஒருநாள் போட்டுப் பார்த்தீர்கள்.

"ஆளு பாடுவாரு, பாடுவாருன்னு பாத்தேன் புள்ள. ஒரு பக்கம் முடிஞ்சிருச்சு. திருப்பிப் போட்டா அந்தப் பக்கமும் பாடல. சரி, நாளைக்காவது பாடுவாரான்னு மறுநாளும் போட்டேன்."

அந்த மறுநாள் முடியவே இல்லை. கேசட் தேய்ந்து சிடி ஆகி, சிடி கீறி பென் டிரைவ் ஆனது. வாசித்தவர்களின் பெயர்கள் உங்கள் வாயில் நுழையாததால் நான்தான் எல்லாருக்கும் நம்மூர்ப் பெயர் வைத்தேன். பேஸ் கிட்டார்காரர் கங்காணி. தான் பெரிதாக ஒன்றும் செய்யாததுபோல நின்றுகொண்டு எல்லாரையும் நடத்துகிறவர். டிரம்ஸ்காரர் ஸ்டோர் மெஷின். கொழுந்து அரைக்கும் ஸ்டோரில் எல்லா மெஷினும் ஒன்றாக ஓடினால் எப்படியோ அப்படி. சாக்சபோன்காரர் ஊதுறவரு. கிட்டார்காரர் வெறும் தாடிக்காரர். "பெரிய மனுசங்கள இப்படியா கூப்புடுறது?" என்று முதலில் கோபப்பட்டீர்கள். அடுத்த வாரமே பஸ்ஸில் மோகன் அண்ணனிடம், "கங்காணி இன்னைக்கி என்னா அருமையா இழுக்குறாரு பாத்தியா" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

பஸ்ஸில் டிரைவர் போடுவதுதான் பாட்டு. அதில் யாரும் கை வைக்க முடியாது. வாய் வைக்கலாம். முன் சீட்டுச் செல்லம்மா அக்கா, ஹட்டனில் தையல் கடைக்குப் போகிறவர், ஏறியதும் அதைத்தான் செய்வார்.

"டிரைவரே, ஆளு எப்பதான் பாடும்?"

"வருவாருங்க. பாதையில இருக்காரு."

"நேத்தும் இதேதான சொன்னீங்க."

"நேத்து அவரு பஸ்ஸ வுட்டுட்டாருங்க."

புதிதாக மாற்றலாகி வந்த யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் ஏறிய அன்றைக்கு, தலவாக்கலை ஏற்றத்தில் கங்காணி தனியாக வாசிக்க ஆரம்பித்தார். வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். "ட்ரைவர், கியர்பொக்சில ஏதோ சத்தம் கேக்குது. நிப்பாட்டுங்கோ, நான் இறங்கப்போறன்." கியர்பாக்ஸ் இல்லை, கிட்டார் என்று நீங்கள் சொன்னதை அவர் நம்பவில்லை. "கிட்டார் எண்டா இப்பிடியே உறுமும்?" என்று கேட்டபடி பையோடு இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நின்றார். எனக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. "அந்தளவுக்கு உத்துக் கேட்டிருக்காரு பாரு" என்றீர்கள் பெருமையாக.

அந்தத் தாளம் ஏன் ஒரு சொட்டு குறைவாகவே ஓடுகிறது, காலைத் தட்டினால் எப்போதும் தப்பான இடத்தில் விழுகிறதே என்று நான் கேட்டதற்கு நீங்கள் சொன்னது: "நேர் ரோட்டுக்கு நாலு தாளம் போதும். நம்ம ரோட்டுக்கு ஏழு வேணும்." இதை நான் இன்றுவரை ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதிவைக்கவில்லை. எழுதினால் தத்துவமாகிவிடும். அது ரோடு சம்பந்தப்பட்ட விசயம்.

ஸ்டோர் மெஷின் இறந்துபோன நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. விடிய முன்னமே போனில் பார்த்துவிட்டு நீங்கள் பேசாமல் போய்விட்டீர்கள். பஸ் கண்ணாடியில் ஒரு வெள்ளைத் துணியைக் கிழித்துக் கட்டினீர்கள். செல்லம்மா அக்கா ஏறும்போதே பார்த்துவிட்டார்.

"என்னா டிரைவரே, யாரு?"

"எங்க ஆளு ஒருத்தரு தவறிட்டாருங்க."

"அய்யய்யோ. சொந்தமா?"

நீங்கள் கொஞ்சம் யோசித்தீர்கள். "சொந்தந்தாங்க."

"எந்தத் தோட்டம்?"

"அமெரிக்காவுல."

அவ்வளவுதான். நம் தோட்டத்தில் வெள்ளைத் துணிக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. செய்தி பஸ்ஸைவிட வேகமாகப் போய்விட்டது. பின்னேரம் நீங்கள் திரும்பி வரும்போது மரண உதவிச் சங்கம் நம் வாசலில் தறப்பாள் பந்தல் கட்டி, நாற்காலி போட்டு, அடுப்பு மூட்டிப் பாலில்லாத பிளேன்டீயும் ஊற்றத் தொடங்கியிருந்தது. ராத்திரி முழித்திருப்பவர்களுக்காக ஒரு மூலையில் கேரம் பலகை. லயத்துக்குக் குறுக்கே வெள்ளைக்கொடி. அம்மா யாருக்காக அழுவது என்று தெரியாமல் கதவோரம் நின்றார்.

"எனக்கே தெரியாம அமெரிக்காவுல என்னாங்க சொந்தம்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அந்தக் கேள்வியில் வேறு ஒரு சந்தேகமும் இருந்தது, அப்பா. நீங்கள் அன்றைக்குத் தப்பியது அதிர்ஷ்டம்.

சங்கத் தலைவர் என்னிடம் வந்தார். "படம் ஏதும் இருக்கா பாப்பா? மாலை போடணும்." போனில் இருந்த படத்தைக் காட்டினேன். டிரம்ஸுக்கு நடுவே ஒரு மனிதர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார். "அப்பாவுக்கு இவரு என்னா முறை?"

"தாள முறைங்க."

தலைவர் தலையாட்டிக்கொண்டார். அவருக்கும் தெரியாத முறைகள் உலகத்தில் இருக்கத்தானே செய்யும்.

உண்மையைச் சொல்லிக் கூட்டத்தைக் கலைப்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வாசலில் வைத்தீர்கள். "இவரு வாசிச்சதுங்க. கடைசியா ஒருக்கா கேட்டுட்டு எந்திரிப்போம்" என்றீர்கள். செத்த வீட்டில் பாதியில் எழுந்து போவது மரியாதை இல்லை என்பதால் ஒருவரும் அசையவில்லை. நம் தோட்டத்து ஆட்கள் ஒரு முழு ஃபியூஷன் இசைத்தட்டை, பிளேன்டீ குடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, துக்கத்தோடு கேட்டார்கள். நடுவில் கேரம் ஆடுகிறவர்கள்கூட காயை அடிக்காமல் நிறுத்திவைத்தார்கள். விசயம் தெரிந்த பிறகு தலைவர் உங்களைக் கொஞ்சநேரம் முறைத்தார். பிறகு, "சங்கத்துல அங்கத்தவரா இல்லாதவங்களுக்கு நாங்க நாற்காலி குடுக்கிறதில்ல. போனாப் போகுது. மனுசன் நல்லாத்தான் அடிச்சிருக்காரு" என்றார்.

உங்களுக்கும் அதே நாற்காலிகள்தான் வந்தன. அதே தறப்பாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுத எனக்கு விளையாட்டு வார்த்தை ஒன்றும் இல்லை.

வெள்ளைக்கொடி கட்டிய இடத்தைத் தாண்டும்போது எந்த பஸ்ஸும் பாட்டை நிறுத்திவிட்டுத்தான் போகும். நீங்களே எத்தனை சாவு வீடுகளைத் தாண்டும்போது, எவ்வளவு நல்ல இடத்தில் பாட்டு இருந்தாலும், கையை நீட்டி அணைத்திருக்கிறீர்கள். உங்களைக் கிடத்தியிருந்த அன்று உங்கள் பஸ் நம் முடக்கு வளைவுக்கு வந்தது. வேறு யாரோ ஓட்டினார்கள். மோகன் அண்ணன் பாட்டை அணைத்தார். அந்த பஸ் சத்தமில்லாமல் போவதை வெளியே நின்று நான் அதுவரை பார்த்ததில்லை. டயர் சரளையில் உரசுவது தனியாகக் கேட்டது. அந்த நிமிசம்தான் நான் நம்பினேன். அதற்கு முன்னால் எல்லாரும் அழுதும்கூட நம்பவில்லை.

புது டிரைவர் ஜெயசீலன் அண்ணன் நல்ல மனிதர். பிள்ளையார் படத்தை எடுக்காமல் பக்கத்திலேயே மாதா படத்தை வைத்துக்கொண்டார். குறை ஒன்றுதான். அவர் போடுவதெல்லாம் சினிமாப் பாட்டு. காலையில் ஏறினால் காதல், இறங்கினால் காதல் தோல்வி. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ஒரே நாளில் இவ்வளவு அனுபவம் தேவையா?

நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கும் பழக்கம் நம் குடும்பத்தில் இல்லை. ஒருநாள் மோகன் அண்ணன், "பாப்பா, ஜெயசீலன் அண்ணனுக்குப் புதுப்பாட்டா பாத்து ஏத்திக் குடு" என்று புது டிரைவரின் பென் டிரைவை என்னிடம் கொடுத்தார். திருடன் கையில் சாவி. அவருடைய பாட்டுகளின் பெயர்களை அப்படியே வைத்துவிட்டு உள்ளே உங்களுடையதைப் போட்டேன். ஹட்டன் என்று போர்டு போட்ட பஸ்ஸில் ஏறினால் இறம்பொடைக்குப் போய் இறக்கிவிடுவது மாதிரி.

மறுநாள் காலை நான் நடு சீட்டில் பூனைபோல உட்கார்ந்திருந்தேன். செட்டில் ஒரு காதல் பாட்டின் பெயர் ஓடியது. உள்ளேயிருந்து கீபோர்டு வந்தது. ஜெயசீலன் அண்ணன் அடுத்ததை அழுத்தினார். ஸ்டோர் மெஷின் ஓடியது. அதற்கடுத்தது. கங்காணி உறுமினார். அண்ணனின் கழுத்து வியர்த்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். நுவரெலியாக் குளிரில், அப்பா.

"மோகன், அந்தப் பழைய பென் டிரைவ அவங்க வீட்டுக்கு அனுப்பியாச்சுல்ல?"

"அனுப்பியாச்சுண்ணே."

"அப்ப இது?"

மோகன் அண்ணன் பெரிய மூச்சாக விட்டு, "அவருக்கு இந்த பஸ்ஸு மேல ரொம்ப இதுண்ணே" என்றார். அவரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை, தானாகச் சேர்ந்துகொண்டார். மறுநாள் செட்டில் எலுமிச்சங்காயும் மிளகாயும் தொங்கின. கூடவே மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த புனித நீரையும் ஜெயசீலன் அண்ணன் தெளித்திருந்தார். எந்தப் பக்கத்து ஆவியாக இருந்தாலும் போகட்டும் என்று இரண்டு பக்கமும் பாதுகாப்பு.

அதன் பிறகும் அதே பாட்டு வந்தபோது அண்ணன் செட்டையே அணைக்கக் கையை நீட்டினார். எனக்கு வேடிக்கை அத்தோடு முடிந்தது. அணைத்தால் இனி போடவே மாட்டார் என்று தெரிந்துவிட்டது. விளையாடப் போய் நானே உங்களை பஸ்ஸைவிட்டு இறக்கிவிடப் போகிறேன்.

"ஏன்ப்பா நிப்பாட்டுற?"

செல்லம்மா அக்கா.

"இல்லக்கா, இது..."

"எதுவா இருந்தா என்னா? கைய எடு. இப்பதான் அந்த ஊதுறவரு வரப்போறாரு."

அக்கா ஒரு விரலைத் தூக்கிக்கொண்டிருந்தார், வாத்தியார் மாதிரி. கீபோர்டு மெல்ல ஒதுங்கியது. கங்காணி ஒரு அடி பின்னால் போனார். அக்கா விரலை இறக்கினார். அதே இடத்தில், ஒரு மயிரிழை பிசகாமல், சாக்சபோன் நுழைந்தது.

"பாத்தியா" என்றார்.

"இப்ப அவரு மூணு தரம் சுத்தி வருவாரு. அப்பறம் டமடமன்னு ஒரு அடி" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். "மூணு இல்ல, நாலு" என்று இன்னொருவர். ஸ்கூல் பையன் ஒருத்தன் முன் சீட்டுக் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான், ஏழில், சரியாக. அப்பா, இந்த மலைநாடு முழுக்க அந்தப் பாட்டுக்கு இருக்கிற ஒரே ரசிகர் நீங்கள்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆள் பாடவில்லை என்று தினமும் குறை சொன்னவர்கள் ஒருவர் விடாமல் பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள். உங்களிடம் மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. நம் ஆட்கள் அப்படித்தான். பிடித்திருக்கிறது என்று சொன்னால் டிரைவருக்குத் தலைக்கனம் வந்துவிடுமாம். பிறகு கேட்டபோது அக்கா சொன்னார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தூசி என்று யாரிடமும் பொய் சொல்லவேண்டி வரவில்லை, யாரும் கேட்கவில்லை.

மோகன் அண்ணனால் ஒரு ரகசியத்தை அதற்குமேல் தாங்க முடியாது. அடுத்த வாரம் நான் இறங்கும்போது ஜெயசீலன் அண்ணன் கூப்பிட்டார்.

"நீதானா பாப்பா?"

"நாந்தாங்க."

"பேயின்னு நெனச்சப்பகூட இவ்வளவு பயமில்ல. நீன்னு தெரிஞ்சப்பறந்தான் பயமா இருக்கு."

எலுமிச்சங்காயை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். வீட்டில் கட்டிக்கொள்ளச் சொன்னார். பிறகு ஒரு ஒப்பந்தம் போட்டார். "ஏத்தத்துக்கு ஒங்கப்பா பாட்டு. எறக்கத்துக்கு எம்பாட்டு. நடுவுல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது." நம் ரோட்டில் ஏற்றம்தான் அதிகம் என்பதை அவர் யோசிக்கவில்லையா, யோசித்துத்தான் சொன்னாரா என்று தெரியவில்லை. கேட்கவில்லை.

போன மாதம் ஒருநாள் போன் சிக்னல் இல்லாத வளைவில் பஸ்ஸை ஓரம் கட்டி லாரிக்கு வழி விட்டபோது அவராகவே திரும்பிக் கேட்டார்: "அந்தக் கிட்டார் ஆளு, தாடிக்காரரு, இன்னும் இருக்காராம்மா?"

எனக்குத் தெரியவில்லை, அப்பா. உங்களுக்குப் பிறகு நான் தேடிப் பார்க்கவே இல்லை. பயம். வீட்டுக்கு வந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு தேடினேன். இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். தாடி முழுக்க வெள்ளை. நீங்கள் போன பிறகு புதிதாக ஒரு இசைத்தட்டே போட்டிருக்கிறார். வாசிப்பவர்களில் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்த ஒரு பெண் டிரம்ஸில் இருக்கிறாள்.

அதை முதலில் பஸ்ஸில்தான் போட்டேன். நானுஓயா தாண்டி, ஏற்றம் தொடங்கும் இடத்தில். ஒருவருக்கும் அது அடுத்து எங்கே போகும் என்று தெரியாது. செல்லம்மா அக்கா விரலைத் தூக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டார். நீங்கள் கேட்காத ஒன்றை நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எப்படியிருக்கிறது என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். தாடிக்காரரின் விரல் முன்போல ஓடவில்லை. முன்பு பத்து சுரம் வைத்த இடத்தில் இப்போது இரண்டு வைக்கிறார், மீதியை விட்டுவிடுகிறார். அந்தப் பெண் அவசரப்படாமல் அவருக்காகக் காத்திருக்கிறாள், பிறகு அவள் ஓடுகிறாள், அவர் காத்திருக்கிறார். மூன்றாவது பாட்டின் முடிவில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்கிறது, வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். நான் பலமுறை கேட்டுவிட்டேன். சொல்கிறேன், கோபப்படாதீர்கள்: உங்கள் அந்தப் பழைய கேசட்டைவிட இது நன்றாயிருக்கிறது. அந்தக் காலத்தில் அவர் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவதற்காக வாசித்தார். இப்போது பாட்டுக்காக வாசிக்கிறார்.

ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். தெரியும். குஷனின் இடது பக்கத்தை உங்களுக்கு விட்டுவைத்து நான் வலது பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். சண்டைக்கு வாங்கப்பா.